வாயில் மிஞ்சிய பாட்டு

இளஞ்செழியனுக்குப் பேச்சு போனது மைக்கைக் கையில் பிடித்திருந்தபோதுதான்.

அவர் போக்குவரத்துக் கழகத்தில் டைம் கீப்பர். ஐம்பத்திரண்டு வயது. பௌர்ணமி வந்தால் திருவண்ணாமலைக்குள் வெளியூர் பஸ்களை விட மாட்டார்கள். ஒவ்வொரு ரோட்டிலும் ஊருக்கு வெளியே தற்காலிகமாக ஒரு பஸ் ஸ்டாண்ட் போடுவார்கள். போளூர் ரோட்டு ஸ்டாண்டில் பத்து வருஷமாக மைக் அவரிடம்தான். நல்ல கனமான குரல். மலை சுற்றிவிட்டுக் கால் வலியோடு வருகிற ஜனங்களுக்கு எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று அவசரமில்லாமல் சொல்லுவார். அந்தக் குரலுக்காகவே அவரை அங்கே போடுவார்கள்.

மாசிப் பௌர்ணமிக்கு மறுநாள் காலை, பத்தரை மணி இருக்கும். "போளூர், ஆரணி, வேலூர் செல்லும் பயணிகள்" என்று ஆரம்பித்தவர், "போளூர், போரு, போ, போ" என்று அதிலேயே சுற்ற ஆரம்பித்தார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். காலையிலேயே போட்டுவிட்டார் போல என்று யாரோ சொன்னார்கள். அவரும் சிரித்தாராம். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்ததைப் பக்கத்தில் இருந்த கண்டக்டர் கவனித்து, ஓடிவந்து பிடிப்பதற்குள் மைக் கீழே விழுந்து, அது போட்ட சத்தத்தில் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

அவர் மனைவி அருணாதேவிக்கு போன் வந்தபோது அவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கஃபேயில் அவளுக்குச் சமையல் வேலை. வெளிநாட்டுக்காரர்களுக்கு இஞ்சி டீ, காரமில்லாத சாம்பார், சிறுதானிய தோசை. கையைக்கூடக் கழுவாமல் ஆட்டோ ஏறினாள். ஆஸ்பத்திரியில் அவர் கண் திறந்துதான் கிடந்தார். அவளைப் பார்த்ததும் என்னவோ சொல்ல வந்து, "போ" என்றார். அவள் பயந்துபோய் ஓரடி பின்னால் வைத்தாள். அவர் இடது கையால் அவள் புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டே மறுபடியும் "போ, போ" என்றார்.

மூளையின் இடது பக்கத்தில் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார் டாக்டர். வலது காலும் கையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும், பேச்சு மட்டும் சொல்ல முடியாது என்றார். "நீங்க பேசறது எல்லாம் அவருக்குப் புரியும்மா. அவருக்குத் திருப்பிச் சொல்ல வராது. அவ்ளோதான்."

அந்த 'அவ்ளோதான்' எவ்வளவு என்று வீட்டில்தான் தெரிய வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியிலேயே கொஞ்சம் தெரிந்தது. எழுதிக் காட்டட்டும் என்று இடது கையில் பேனாவைக் கொடுத்தால் வெறும் சுழி சுழியாக வந்தது. கையில் கோளாறு இல்லை, எழுத்தே நினைவில் இல்லை என்றார்கள். டீ வேணுமா என்று கேட்டால் தலையாட்டுவார். கொண்டுவந்தால் தள்ளிவிடுவார். ஆமாம் என்பதும் இல்லை என்பதும் அவருக்குள் இடம் மாறிப் போயிருந்தன. எது எப்போது மாறும் என்று அவருக்கே பிடிபடவில்லை. தள்ளிவிட்ட டம்ளரைப் பார்த்துவிட்டு, தான் செய்ததை நம்ப முடியாதவர் மாதிரி அவளைப் பார்ப்பார்.

பதினோராவது நாள் பகல். வேலூரில் காலேஜ் படிக்கிற மகள் கவிநிலா லீவு போட்டு வந்திருந்தாள். பக்கத்துக் கட்டிலில் கால் உடைந்து கிடந்தவர் போனில் எஃப்எம் வைத்திருந்தார். விளம்பரம் முடிந்து ஒரு பழைய பாட்டு வந்தது.

*ஈரக் காத்தே எம்பேரச் சொன்னியா*
*ஏரிக்கர தாண்டி அவகிட்ட நின்னியா*

முப்பது வருஷத்துக்கு முந்தைய பாட்டு. படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை, பாட்டு மட்டும் ஒரு வருஷம் ஓடியது. இளஞ்செழியன் கட்டிலில் நிமிர்ந்தார். வாய் கோணியது. பிறகு, ரேடியோவில் பாடுகிறவன் இரண்டாவது தடவை பல்லவிக்கு வந்தபோது, அவரும் கூடவே பாடினார். முழு வார்த்தையாக. 'காத்தே' என்பதில் ஒரு இழுப்பு இருக்கும், அந்த இழுப்புகூடப் பிசகவில்லை. பதினொரு நாளாக "போ" தவிர ஒன்றும் வராத வாய் அது.

வார்டே நின்றுவிட்டது. ஊசி போட வந்த நர்ஸ் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கவிநிலா அவர் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தாள். அருணாவும் அழுதாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவள் தோளைத் தட்டி, இனிமே கவலை இல்ல, பேச்சு வந்துடுச்சு என்றார்கள்.

அவள் எதற்கு அழுதாள் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் குரலைத் திரும்பக் கேட்டதில் உடம்பெல்லாம் சிலிர்த்தது உண்மை. ஆனால் அது எந்தப் பாட்டு என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

கல்யாணமான முதல் வாரத்தில், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய அக்கா அவளிடம் ஒரு விஷயம் சொன்னார். தம்பி டைப்ரைட்டிங் கிளாஸ் போனபோது நசீமா என்று ஒரு பெண்ணை விரும்பினான், தேரடித் தெருவில் அவர்களுக்கு வளையல் கடை, விஷயம் தெரிந்து அந்தப் பெண்ணை ஆம்பூரில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள், அதெல்லாம் முடிந்த கதை, நீ மனசில் வைத்துக்கொள்ளாதே என்று. மனசில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்லத்தான் சொன்னாரா, வேறு எதற்காகவா என்று தெரியவில்லை. அந்த அக்கா கொரோனாவில் போய்விட்டார்.

அருணா கேட்டுக்கொண்டாள். கணவரிடம் எதுவும் கேட்கவில்லை. அப்புறம் ஒரு மாதத்தில் டிவியில் இந்தப் பாட்டு வந்தது. அவர் எழுந்துபோய் சேனலை மாற்றினார். இன்னொரு தடவை பஸ்ஸில் வந்தபோது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருபத்தாறு வருஷத்தில் ஏழெட்டுத் தடவை அப்படி நடந்திருக்கும். நல்ல மனுஷர்தான். குடி கிடையாது. அவள் வேலைக்குப் போகிறேன் என்றபோது சரி என்றார். அவளுக்கு டைபாய்டு வந்தபோது பத்து நாள் அவரே கஞ்சி வைத்தார். அந்தப் பாட்டு வரும்போது மட்டும் அவர் எங்கேயோ போய்விட்டு வருவார். அவளும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள். அப்படியே பழகிவிட்டது.

ஸ்பீச் தெரபிக்கு வந்த சிந்துஜாவுக்கு இதைக் கேட்டதும் ரொம்ப சந்தோஷம். இருபத்தாறு வயதுப் பெண், வாரம் இரண்டு நாள் வருவாள். பேசுகிற இடம் மூளையில் ஒரு பக்கம், பாடுகிற இடம் இன்னொரு பக்கம், அடிபடாத பக்கத்திலிருந்துதான் பாட்டு வருகிறது, அதைப் பிடித்துக்கொண்டே பேச்சுக்கு வந்துவிடலாம் என்றாள். வேறு பாட்டு ஏதாவது வருகிறதா என்று பார்க்கச் சொன்னாள்.

பார்த்தார்கள். கவிநிலா சின்னக் குழந்தையாக இருந்தபோது அவர் பாடித் தூங்கவைத்த பாட்டைப் போட்டார்கள். கார்த்திகை தீபத்துக்கு ஊரெல்லாம் ஒலிக்கிற சாமி பாட்டுகளைப் போட்டார்கள். அருணா பீரோவுக்கு அடியிலிருந்து கல்யாண வீடியோ கேசட்டை எடுத்து, ஸ்டூடியோவில் கொடுத்துப் போடச் சொல்லி, அதில் தாலி கட்டியதும் வருகிற பாட்டு எதுவென்று பார்த்து, அதை போனில் தேடிப் போட்டாள். எதற்கும் ராகத்தை முனகினார், அதோடு சரி. அவர்களுடைய கல்யாணப் பாட்டுக்கு அந்த முனகலும் இல்லை. ஈரக் காத்தே என்று எடுத்துக் கொடுத்தால் மட்டும் வார்த்தை வந்தது.

"அப்ப இந்தப் பாட்டையே வெச்சுக்கலாம்கா," என்றாள் சிந்துஜா. "நீங்கதான் தினமும் பண்ணணும். அவரு இடது கையப் பிடிச்சுத் தாளம் தட்டுங்க. பாதி வரி நீங்க சொல்லுங்க, மீதிய அவர சொல்ல வைங்க. காலைல ஒரு அரை மணி நேரம், சாயந்திரம் ஒரு அரை மணி நேரம்."

வேறு யாராவது செய்யக்கூடாதா என்று அருணா கேட்க நினைத்தாள். யார் இருக்கிறார்கள்? கவிநிலா காலேஜுக்குத் திரும்பிப் போய்விட்டாள். பே கோபுரத் தெருவில் மாடிப் போர்ஷனில் அவர்கள் இரண்டு பேர்தான்.

அப்படித்தான் அவள் அந்தப் பாட்டைப் பாட ஆரம்பித்தாள். காலை கஃபேக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையைப் பிடித்து, "ஈரக் காத்தே" என்பாள். அவர் "எம்பேரச் சொன்னியா" என்பார். "ஏரிக்கர தாண்டி" என்பாள். அவர் "அவகிட்ட நின்னியா" என்பார். அந்த 'அவகிட்ட' வரும்போது முதல் சில வாரங்கள் அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று சிந்துஜா சொல்லியிருந்ததால், அவரால் வேறு பக்கம் பார்க்க முடியவில்லை. அவளாலும் எழுந்துபோக முடியவில்லை. வார்த்தை சரியாக விழுந்துவிட்டால் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதைப் பார்த்தால் அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தோஷமாக இருந்ததுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது மாதத்தில் சிந்துஜா அதே மெட்டில் வீட்டு வார்த்தைகளை வைத்துப் பார்த்தாள். 'தண்ணி கொஞ்சம் எனக்குத் தர்றியா' என்று ஒரு வரி. பத்து நாளில் அது பிடித்துக்கொண்டது. தாகம் எடுத்தால் அவர் அந்த மெட்டிலேயே தண்ணீர் கேட்டார். மருமகன் முறையில் ஒருத்தன் பார்க்க வந்து, அதைக் கேட்டு வெளியே போய் அழுதுவிட்டு வந்தான்.

கவிநிலா சித்திரையில் லீவுக்கு வந்தபோது ஒருநாள் காலை அவர்கள் இரண்டு பேரும் பாடுவதை போனில் எடுத்தாள். அருணா கவனிக்கவில்லை. மகள் கீழே நான்கு வரி எழுதி அதை நெட்டில் போட்டுவிட்டாள்: என் அப்பா இளஞ்செழியனுக்கு ஸ்ட்ரோக், பேச்சு இல்லை, அம்மாவுக்காக இந்த ஒரு பாட்டு மட்டும் மிச்சம் இருக்கிறது என்று. மூன்று நாளில் அதை நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் அருணாவால் தெருவில் நடக்க முடியவில்லை. பூக்காரி ஒரு முழம் பூ சும்மா கொடுத்தாள். கஃபே முதலாளி பிரசாத் அதைப் பெரிய டிவியில் போட்டுக் காட்டினான். அங்கே வழக்கமாக வருகிற ஜெர்மன்காரப் பாட்டி ஒரு வார்த்தை புரியாமல் முழுவதையும் பார்த்துவிட்டு, சமையலறைக்குள் வந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வீடியோவுக்குக் கீழே வந்திருந்த கமெண்ட்டையெல்லாம் கவிநிலா படித்துக் காட்டினாள். மூணு வருஷமாகப் பேசாமல் இருந்த மனைவிக்கு இதைப் பார்த்துவிட்டு போன் பண்ணினேன் என்று ஒருத்தர் எழுதியிருந்தார். என்னை விட்டுட்டுப் போனவன் இந்தப் பாட்டைத்தான் பாடுவான், இன்னைக்கு முழுக்க அழுதேன் என்று ஒரு பெண். நான் தினமும் காலையில் இதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறேன் என்று ஒருவர் துபாயிலிருந்து.

இதை எடுத்துவிடேன் என்று அருணா மகளிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள்.

"ஏம்மா? எத்தனை பேரு சந்தோஷப்படறாங்க பாரு. அப்பா உன்னைப் பார்த்துப் பாடறாரு, இதுல என்ன வெட்கம்?"

அதற்கு என்ன சொல்வது? இருபது வயதுப் பெண், அப்பாவைப் பார்த்துத்தான் உலகத்தில் நல்ல ஆண்கள் இருக்கிறார்கள் என்று நம்புகிறவள்.

ஆனி கடைசியில் வேலூரிலிருந்து கவிநிலா போன் செய்தாள். வீடியோவுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கிறது, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் படித்த இளஞ்செழியனா இவர், இப்போது எப்படி இருக்கிறார், ஒரு தடவை வந்து பார்க்கலாமா என்று கேட்கிறார்கள் என்றாள். "நசீமான்னு பேரு. யாரும்மா அது?"

அருணா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, அப்பாவோடு படித்தவங்க, வரச் சொல்லு என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அன்று முழுக்க யோசித்தாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஒருவேளை அந்த முகத்தைப் பார்த்தால் அவருக்கு இன்னும் நாலு வார்த்தை வருமோ என்று இருந்தது. வந்துவிட்டால் தன்னால் தாங்க முடியுமா என்றும் இருந்தது. இரண்டும் சேர்ந்து அவளைப் பிடித்துத் தள்ளின.

ஆடியில் ஒரு புதன்கிழமை காலை. வருகிறவர் யார் என்று அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. யாரோ பார்க்க வருகிறார்கள் என்று மட்டும் சொன்னாள். அவருக்கு ஷேவ் செய்துவிட்டாள். நீலச் சட்டையை இஸ்திரி போட்டு, வலது கையை முதலில் நுழைத்து, பிறகு இடது கையை நுழைத்து மாட்டினாள். பட்டன் போடும்போது கை நின்றது. இது எதற்கு என்று தோன்றியது. மீதிப் பட்டன்களையும் போட்டாள்.

நசீமா தனியாகத்தான் வந்திருந்தாள். பஸ்ஸில். கறுப்பு புர்கா, கண்ணாடி, ஐம்பது வயதுக்குரிய உடம்பு, முட்டி வலி. மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். கையில் பேரீச்சம்பழப் பெட்டி. அருணா இத்தனை வருஷமாக மனசில் வைத்திருந்த பெண் பத்தொன்பது வயதுப் பெண். அவளைத் தேடுகிற மாதிரி ஒரு கணம் நசீமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே வாங்க என்றாள்.

இளஞ்செழியன் நாற்காலியில் இருந்தார். நசீமாவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கண் நிறைந்து வழிந்தது. ஆனால் ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து அவருக்கு எதற்கும் கண் வழியும். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வந்தாலும் வழியும், டிவியில் சோப்பு விளம்பரம் வந்தாலும் வழியும். அது உடம்புக் கோளாறு என்று டாக்டரே சொல்லியிருந்தார். அடையாளம் தெரிந்து அழுகிறாரா, சும்மா அழுகிறாரா என்று அருணாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நல்லா இருக்கீங்களா?" என்றாள் நசீமா.

அவர் வாயைத் திறந்தார். இடது கை தொடையில் தாளம் தட்டியது. நெற்றி நரம்பு புடைத்தது. பிறகு பாடினார்:

"தண்ணி கொஞ்சம் எனக்குத் தர்றியா."

நசீமா புரியாமல் அருணாவைத் திரும்பிப் பார்த்தாள். அருணா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. டம்ளரைக் கையால் தள்ளி, தலையை அப்படியும் இப்படியும் ஆட்டி, மறுபடியும் அதையே பாடினார். அவர் சொல்ல வந்தது தண்ணீர் இல்லை என்று இரண்டு பெண்களுக்கும் தெரிந்தது. என்னவென்று தெரியவில்லை. நசீமா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டீ போட அருணா சமையலறைக்குப் போனபோது நசீமாவும் பின்னால் வந்தாள். கொஞ்ச நேரம் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அருணாவே ஆரம்பித்தாள்.

"அந்தப் பாட்டு உங்களுக்காகத்தான்னு எனக்குத் தெரியும். அவரோட அக்கா எல்லாம் சொல்லியிருக்காங்க. நான் தப்பா எடுத்துக்கல."

நசீமா நிமிர்ந்து பார்த்தாள். "எந்தப் பாட்டு?"

"வீடியோவுல பாடறாரே."

"அதை நான் வீடியோவுலதான் மொத தடவை கேட்டேன்," என்றாள் நசீமா. "எங்க வீட்டுல அப்ப ரேடியோவே வெக்க மாட்டாங்க. அவரு பாடுவாருன்னே எனக்குத் தெரியாதும்மா. ஒருநாளும் பாடி நான் கேட்டதில்ல."

அருணா அடுப்பை அணைத்தாள்.

நசீமா மெதுவாகச் சொன்னாள். ஒரே பேட்ச்சில் இருந்தார்கள். பக்கத்து மெஷின். எல்லாம் சேர்த்து மூன்று மாதம்கூட இருக்காது. அவர் ஒரு கடிதம் கொடுத்தார், அவள் ஒன்று கொடுத்தாள், இரண்டாவது கடிதம் அவள் அத்தா கையில் கிடைத்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. தனியாக உட்கார்ந்து பேசியதுகூட இல்லை. கொஞ்ச நாள் அழுதாள். பிறகு கல்யாணம், மூன்று பிள்ளைகள். மருமகள் போனில் வீடியோவைக் காட்டியபோது ஆள் யார் என்று சட்டென்று தெரியவில்லை, பெயரைப் படித்த பிறகுதான் தெரிந்தது.

"பார்த்ததும் எனக்கும் ஒரு நிமிஷம் தோணுச்சு," என்றாள். "நம்மள நெனச்சுப் பாடறாரோன்னு. பொய் சொல்லக் கூடாது, சந்தோஷமாக்கூட இருந்துச்சு. அப்புறம் உக்காந்து யோசிச்சுப் பார்த்தேன். எங்களுக்குள்ள பாட்டுன்னு ஒண்ணும் இல்ல. நான் வந்தது அவரப் பார்க்கத்தான். இப்படி ஆயிடுச்சேன்னு மனசு கேக்கல."

அருணா அவள் கண்ணையே பார்த்தாள். தன் மனசு நோகக் கூடாது என்று சொல்கிறாளா, உண்மைதானா? கண்ணாடிக்குப் பின்னால் களைத்த, நேரான கண்கள். அதற்குமேல் எதுவும் தெரியவில்லை. அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. பாட்டைப் பற்றி அந்த அக்கா ஒரு வார்த்தை சொன்னதில்லை. நசீமாவைப் பற்றித்தான் சொன்னார். அவர் சேனலை மாற்றினார், அவள் இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். முடிச்சுப் போட்டு இருபத்தாறு வருஷம் வைத்துக்கொண்டாள்.

நசீமா டீயைக் குடித்துவிட்டு, அவரிடம் கைகூப்பிச் சொல்லிக்கொண்டு, பன்னிரண்டு மணி வண்டிக்குக் கிளம்பினாள். படியில் இறங்கும்போது அருணா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாப்பாடு ஊட்டி, வாய் துடைத்து, மாத்திரை கொடுத்தாள். கஃபேக்கு லீவு சொல்லியிருந்தாள். வெளியே வெயில் ஏறி மாடி கொதித்தது. வழக்கமான நாற்காலியை அவர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். பாடுகிற நேரம் என்று நினைத்து அவர் இடது கையை நீட்டினார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள், தாளம் தட்டவில்லை.

"ஏங்க. உங்கள ஒண்ணு கேக்கணும். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் கேட்டதில்ல. அந்தப் பாட்டு யாருக்கு?"

அவர் அவளைப் பார்த்தார். கேள்வி புரிந்தது. அது முகத்திலேயே தெரிந்தது. புருவம் ஏறியது, கண் ஒரு பக்கமாக எங்கேயோ போய் எதையோ எடுத்துக்கொண்டு திரும்பி வந்தது. சொல்ல விஷயம் இருந்தது. நீளமான விஷயம். அவர் மூச்சை இழுத்துக்கொண்டார்.

"அ," என்றார். "அ. போ. அந்த. போ."

"மெதுவா. நான் எங்கயும் போகல."

"ஈர," என்றார். இல்லை என்று தானே தலையாட்டினார். கண்ணை மூடி மறுபடியும் தேடினார். கழுத்து வியர்த்தது. "ஈரக் காத்தே" என்று வந்துவிட்டது. அவர் கையை உருவி, தன் வாயிலேயே அறைந்துகொண்டார். அவள் பதறி அந்தக் கையைப் பிடித்தாள். வேண்டாங்க, போதும், நான் கேக்கல, விட்டுடுங்க என்றாள். அவர் விடவில்லை. திரும்ப ஆரம்பித்தார். திரும்பவும் அதே வரிதான் வந்தது. ஒருதடவை தொடங்கிவிட்டால் பல்லவி முடிகிறவரை அவரால் நிறுத்தவும் முடியாது. வாயிலிருந்து வருவதைத் தானே வெறுக்கிறவர் மாதிரி, கண்ணில் நீர் ஓடப் பாடினார். அவகிட்ட என்ற இடத்தில் மூச்சு போதாமல் தட்டியபோது, ஐந்து மாதப் பழக்கத்தில், நின்னியா என்று அவள் வாய் தானாக எடுத்துக் கொடுத்தது.

யார் அந்த அவள்? நசீமா இல்லையென்றால் வேறு யார்? பெண்தானா, அந்தப் பாட்டு ஒலித்த நேரத்தில் நடந்த வேறு ஏதாவதா? ஏன் சேனலை மாற்றினார்? ஒருவேளை எதுவுமே இல்லையோ, பிடிக்காத பாட்டு என்று மாற்றினாரோ? கேட்டிருக்க வேண்டிய வருஷங்களிலெல்லாம் அவருக்குப் பேச்சு இருந்தது. அவள் கேட்கவில்லை.

மூன்றாவது தடவை அவர் வேறுமாதிரி பாடினார். அவசரமில்லாமல். ஒவ்வொரு வார்த்தையையும் அவள் கையில் எடுத்து வைக்கிற மாதிரி, இந்த இடத்தைக் கவனி, இந்த இடத்தைக் கவனி என்று புருவத்தால் காட்டிக் காட்டிப் பாடினார். பஸ் ஸ்டாண்டில் ஜனங்களுக்கு எந்த வண்டி எங்கே என்று சொல்லுவாரே, அந்த நிதானம். நல்ல குரல். அவளுக்கு நெஞ்சு நிறைந்தது, அதே நேரத்தில் வலித்தது. பாடி முடித்துவிட்டு அவர் முன்னால் சாய்ந்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்ட மனுஷர், எதிராளிக்கு விளங்கியதா என்று பார்க்கிற பார்வை அது.

அருணா அவர் கன்னத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"சரிங்க," என்றாள். "புரிஞ்சுடுச்சு."

அவர் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். தோள் தளர்ந்தது. நாற்காலியில் சாய்ந்து, அவள் கையை விடாமலே கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் தூங்கிப் போனார். கையை எடுத்தால் விழித்துவிடுவார் என்று அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.